கால்பந்து லீக்கில் ஓர் இடம் என்ன விலை?

தென்னாப்பிரிக்காவின் பிரீமியர் சாக்கர் லீக் 1996-97ல் தன் முதல் பருவத்தை ஆடி முடித்தபோது கோப்பையைத் தூக்கியது நாட்டின் பெரிய கிளப்புகளான கைசர் சீஃப்ஸும் இல்லை, ஒர்லாண்டோ பைரேட்ஸும் இல்லை. டர்பன் இந்தியர்கள் 1928ல் தொடங்கிய மானிங் ரேஞ்சர்ஸ்தான் தூக்கியது. கோர்டன் ஐகசண்ட் பயிற்சியாளர், முன்களத்தில் ஜார்ஜ் கூமண்டராகிஸ். டர்பனில் இந்தியர்கள் நிறைந்த ஃபீனிக்ஸ், சாட்ஸ்வர்த் பக்கம் நடு வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் இந்தப் பெயர்கள் தடங்கலில்லாமல் வரும். அந்த கிளப் இன்று இல்லை. கீழ் பிரிவுக்கு இறங்கிய பிறகு 2006ல் கைமாறி, கேப்டவுனுக்குப் போய், பெயரும் மாறி, மறைந்தே போனது. இப்போது சாட்ஸ்வர்த் ஸ்டேடியத்தில் மறுபடியும் மேல் பிரிவு ஆட்டம் நடக்கிறது. ஆடுவது டர்பன் சிட்டி. அதுவும் இங்கே முளைத்த கிளப் அல்ல. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் மாரிட்ஸ்பர்க் யுனைடெட் என்ற பெயரில் இருந்த கிளப், 2024ல் பெயரையும் ஊரையும் மாற்றிக்கொண்டு இங்கே வந்து, 2025ல் மேல் பிரிவுக்கு ஏறியது.

கிளப்புகள் இப்படி ஊர் விட்டு ஊர் போவது எப்படி? அவற்றை வாங்குகிறவர் கொடுக்கும் காசு எதற்கு? வெளிநாட்டு முதலாளி வந்தால் என்ன மாறும்? லீக்கில் அணிகளைக் கூட்டினால் யாருக்கு லாபம்? எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கணக்கு.

டர்பனில் இந்தியக் குடும்பங்கள் பஸ் ஓட்டிய காலத்தை நினைத்துப் பாருங்கள். பஸ் பழசாகும், டிரைவர் மாறுவார், பெயிண்ட் மாறும். விலை போனது ரூட் பெர்மிட். கால்பந்து கிளப்பும் அதே மாதிரிதான். பெரும்பாலான கிளப்புகளுக்கு இங்கே சொந்த ஸ்டேடியம் கிடையாது. மோசஸ் மபிடா, உம்லாசியின் கிங் ஸ்வெலிதினி, மாரிட்ஸ்பர்க்கின் ஹாரி குவாலா, சாட்ஸ்வர்த் எல்லாமே நகராட்சிச் சொத்து. கிளப் வாடகைக்குத்தான் ஆடுகிறது. ஆட்டக்காரர்கள் ஒப்பந்தம் முடிந்தால் போய்விடுவார்கள். மிஞ்சுவது லீக்கில் உள்ள அந்த ஓர் இடம். இங்கே அதை ஸ்டேட்டஸ் என்பார்கள். அந்த இடம் கையில் இருந்தால் லீக் மாதா மாதம் தரும் மானியம் வரும், டிவியில் முகம் தெரியும், வருடத்துக்கு ஒரு முறை சீஃப்ஸும் பைரேட்ஸும் உங்கள் ஊருக்கு வந்து ஆடியாக வேண்டும். அந்த இரண்டு நாட்களின் டிக்கெட் காசுக்காகவே சிறிய கிளப்புகள் ஆட்டத்தைப் பெரிய ஸ்டேடியத்துக்கு மாற்றிக்கொள்ளும்.

மொத்தம் 16 இடங்கள். ஒவ்வொரு பருவமும் கடைசியில் வருவது நேராகக் கீழே போகும், அதற்கு மேலே உள்ள அணி கீழ் பிரிவின் இரண்டு அணிகளோடு மோதித் தப்பிக்க வேண்டும். ஆடி மேலே வருவது ஒரு வழி. இன்னொரு வழி, மேலே இருப்பவரிடம் இடத்தையே வாங்கிக்கொள்வது. லீக் சம்மதித்தால் போதும்.

2016-17ல் டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தின் தாண்டா ராயல் சூலு கிளப் கீழ் பிரிவில் முதலாவதாக வந்து மேலே போகத் தகுதி பெற்றது. அந்த கிளப்பின் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் ஸ்வீடன் தொழிலதிபர் டான் ஓலோஃப்சன். தாண்டா என்பதே அவருடைய வனவிலங்குக் காப்பகத்தின் பெயர். கிளப் மேலே போகவில்லை, இடம் மட்டும் போனது. இரண்டு வருடமாகக் கீழே கிடந்த டர்பனின் அமாசூலு கிளப் அதை வாங்கியது. ஒரு பருவம் முழுக்க மழையிலும் வெயிலிலும் ஆடி ஜெயித்த அணி, ஒரு கையெழுத்தில் கலைந்தது.

2020ல் பிட்வெஸ்ட் விட்ஸ் விற்கப்பட்டது. 1921ல் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கி, 2017ல் சாம்பியன் ஆன கிளப் அது. அதன் இடம் லிம்போபோவின் ட்ஷாகுமா அணிக்குப் போனது. ஒரு வருடத்தில் அங்கிருந்தும் கைமாறி மருமோ கேலண்ட்ஸ் ஆனது. 2021ல் புளோம்ஃபோன்டைன் செல்டிக்கின் இடத்தை ராயல் ஏஎம் வாங்கி டர்பனுக்குக் கொண்டுவந்தது. முதல் பருவத்திலேயே மூன்றாம் இடம். அப்புறம் வரி பாக்கி, சம்பள வழக்கு, ஆட்டக்காரர்களைப் பதிவு செய்ய ஃபிஃபா தடை. 2025 ஏப்ரலில் லீக் அந்த கிளப்பையே நீக்கியது. 15 அணிகளோடு பருவம் முடிந்தது. அதே 2025ல் பிரிட்டோரியாவின் சூப்பர்ஸ்போர்ட் யுனைடெட் இடம் விற்கப்பட்டு, புளோம்ஃபோன்டைனில் சிவெலேலே என்ற பெயரில் எழுந்தது. செல்டிக் ரசிகர்களின் செல்லப் பெயர் அது.

சரி, ஓர் இடத்தின் விலையை எப்படிக் கணக்கிடுவது? சுலபமான எண்களை எடுத்துக்கொள்வோம். லீக்குக்கு வருடம் 160 ராண்ட் வருமானம், 16 கிளப், ஆளுக்கு 10. வட்டி 10 சதவீதம் என்றால், வருடா வருடம் 10 ராண்ட் தரும் ஒரு சொத்தின் மதிப்பு 100 ராண்ட், ஏனென்றால் 100 ராண்டை வங்கியில் போட்டாலும் அந்த 10 தான் கிடைக்கும். ஆனால் கீழே விழும் ஆபத்து இருக்கிறதே. ஒவ்வொரு வருடமும் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு, விழுந்தால் எல்லாம் போச்சு என்று வைத்தால், அதே இடத்தின் மதிப்பு சுமார் 45 ராண்ட். பாதிக்கும் கீழே. ஏறி இறங்கும் லீக்குகளில் கிளப் மலிவாகக் கிடைப்பதற்கும், வாங்கியவர் பதற்றத்தில் ஒரே வருடத்தில் நான்கு பயிற்சியாளர்களை மாற்றுவதற்கும் காரணம் இந்த 55 ராண்ட்தான்.

அமெரிக்காவின் எம்எல்எஸ் லீக்கில் யாரும் கீழே விழுவதில்லை. அங்கே உள்ளே வர ஒரே வழி, லீக்குக்குக் கட்டணம் கட்டி புது இடம் வாங்குவது. அந்தக் கட்டணமும் இதே கணக்குத்தான். நம் 160 ராண்டை 18 பேர் பங்கிட்டால் ஆளுக்கு 8.89. பழைய கிளப் ஒவ்வொன்றும் வருடம் 1.11 ராண்ட் இழக்கிறது. அதை ஈடுகட்ட, புதிதாக வரும் இருவரும் தலைக்கு 89 ராண்ட் போல முன்பணம் தர வேண்டும். வட்டி 5 சதவீதமாக இருந்தால் அதே இழப்புக்கு 178 கேட்பார்கள். வட்டி குறைந்த நாட்டில் லீக் இடம் விலை ஏறுவது இதனால்தான். டொராண்டோ 2007ல் உள்ளே வர ஒரு கோடி டாலர் கட்டியது. மான்செஸ்டர் சிட்டியின் உரிமையாளர்கள் 2013ல் நியூயார்க்கில் புது அணிக்கு 10 கோடி கட்டினார்கள். 2023ல் சான் டியேகோவுக்கு 50 கோடி. அந்த அணிக்குப் பின்னால் இருக்கும் முகமது மன்சூர் எகிப்தில் பிறந்தவர். கானாவில் தொடங்கிய ரைட் டு ட்ரீம் அகாடமியும், டென்மார்க்கின் நோர்ஷலண்ட் கிளப்பும் அவர் குழுமத்தின் கையில். கானாவில் பயிலும் பையனுக்கு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஒரே முதலாளியின் பாதை போட்டாயிற்று.

விரிவாக்கம் பழைய கிளப்புகளை ஏழையாக்காமல் இருக்க வேண்டுமானால், புது ஊர் வருவதால் மொத்த வருமானம் வளர வேண்டும். வளராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அமெரிக்காவே சாட்சி. பழைய என்ஏஎஸ்எல் லீக் 1978ல் 24 அணிகள் வரை வீங்கி, 1984 பருவத்தோடு படுத்துவிட்டது. ஆனால் அதன் விதை நம் மண்ணில் விழுந்தது. 1968ல் அட்லாண்டா சீஃப்ஸுக்காக ஆடிய கைசர் மொட்டாங் 1970ல் தொடங்கியதுதான் கைசர் சீஃப்ஸ். நியூயார்க் காஸ்மோஸில் பெலேயோடு ஆடிய ஜோமோ சோனோ, ஊர் திரும்பி ஹைலண்ட்ஸ் பார்க் கிளப்பை விலைக்கு வாங்கி ஜோமோ காஸ்மோஸ் என்று பெயர் வைத்தார். இடத்தை வாங்கிப் பெயரை மாற்றும் வழக்கம் இங்கே அவ்வளவு பழசு. தென்னாப்பிரிக்க லீக்கோ விரிக்காமல் சுருக்கியது. 18 அணிகளால் ஆட்ட நாட்கள் நெருக்கியடிக்க, 2002ல் ஃப்ரீ ஸ்டேட் ஸ்டார்ஸ், ரியா ஸ்டார்ஸ் இரண்டின் இடத்தையும் லீக்கே காசு கொடுத்து வாங்கி மூடியது. 2007ல் சூப்பர்ஸ்போர்ட் ஐந்து வருட ஒளிபரப்புக்கு 160 கோடி ராண்ட் தர ஒப்பந்தம் போட்டபோது, பங்கு கேட்க 16 கைகள்தான் இருந்தன.

ஃபீனிக்ஸில் ஒரு கல்யாண வீட்டில் மாமா ஒருவர் என்னிடம் கேட்டார்: "வெளிநாட்டுக்காரன் வந்து வாங்கினா நல்லதுதானே தம்பி? ரேஞ்சர்ஸ் மட்டும் அப்படிப் போயிருந்தா இன்னிக்கும் இருந்திருக்குமே?" நியாயமான கேள்வி. ஆனால் வெளிநாட்டு முதலாளி இந்த 10 ராண்டுக்காக வருவதில்லை. அவர் கணக்கு வேறு.

1999ல் ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் கிளப், கேப்டவுன் ஸ்பர்ஸையும் செவன் ஸ்டார்ஸையும் இணைத்து அயாக்ஸ் கேப்டவுனைத் தொடங்கியது. 51 சதவீதம் ஹாலந்துக்காரர்கள் கையில். அவர்களுக்கு வேண்டியது ஆட்டக்காரர்கள். ஸ்டீவன் பீனார் இரண்டே வருடத்தில் ஆம்ஸ்டர்டாம் போனார், அங்கிருந்து இங்கிலாந்தின் எவர்ட்டன் வரை. 2011ல் துலானி செரெரோ. பயிற்சி முறை, இளைஞர் அணிகள், மைதானம் என்று அந்த கிளப் கேப்டவுனுக்குக் கொடுத்தது அதிகம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் 2018ல் அணி கீழே இறங்கியது, 2020ல் ஆம்ஸ்டர்டாம் தன் பங்கை விட்டு விலகியது, பெயர் மறுபடி கேப்டவுன் ஸ்பர்ஸ் ஆனது. தூரத்து முதலாளிக்கு இந்த கிளப் பல கணக்குகளில் ஒன்று. இங்கே இருப்பவர்களுக்கு அது ஒன்றுதான் கிளப்.

இதில் யாரும் அதிகம் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. ஓர் ஆட்டக்காரரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டு கிளப்புக்கு விற்றால், விலையில் 5 சதவீதம் அவரைச் சிறு வயதில் வளர்த்த கிளப்புகளுக்குப் போக வேண்டும் என்பது ஃபிஃபா விதி. 12 முதல் 15 வயது வரை ஒவ்வொரு வருடத்துக்கும் கால் சதவீதம், 16 முதல் 23 வரை ஒவ்வொன்றுக்கும் அரை சதவீதம். சாட்ஸ்வர்த்தில் ஒரு கிளப் ஒரு பையனை 12 வயதில் எடுத்து 18 வரை வைத்திருந்தால் அதன் பங்கு இரண்டரை சதவீதம். பிற்பாடு அவர் ஒரு கோடி யூரோவுக்கு விலைபோனால் அந்த கிளப்புக்கு இரண்டரை லட்சம் யூரோ, ஏறக்குறைய 50 லட்சம் ராண்ட். ஒரு சிறிய கிளப்பின் தலையெழுத்தே மாறிவிடும்.

விற்பவரும் வாங்குபவரும் ஒரே முதலாளி என்றால்? விலையை அவரே வைக்கிறார். ஒரு கோடி பெறக்கூடிய பையனைத் தன் ஆப்பிரிக்க கிளப்பிலிருந்து தன் ஐரோப்பிய கிளப்புக்குப் பத்து லட்சம் யூரோவுக்கு மாற்றினால், சாட்ஸ்வர்த்துக்கு அந்தக் கைமாற்றத்தில் வருவது பத்தில் ஒரு பங்கு. பிறகு நல்ல விலைக்கு விற்றால் மிச்சம் வரலாம். விற்காமலே ஒப்பந்தம் முடிந்து போனால் அவ்வளவுதான். பல கிளப்புகளை வைத்திருப்பவர்கள் மேல் ஐரோப்பா போட்டிருக்கும் தடையும் இந்தப் பக்கம் பார்ப்பதில்லை. ஒரே கை இரண்டு அணிகளை ஒரே போட்டியில் இறக்கக் கூடாது என்பதோடு அது நின்றுவிடுகிறது. கிறிஸ்டல் பேலஸ் 2025ல் யூரோப்பா லீக்கிலிருந்து ஒரு படி கீழே தள்ளப்பட்டது அந்த விதியால்தான்.

வெளிநாட்டுப் பணம் கிளப் வழியாகத்தான் வர வேண்டும் என்றும் இல்லை. நம் லீக்கின் ஒளிபரப்பு உரிமை சூப்பர்ஸ்போர்ட்டிடம், அது மல்டிசாய்ஸுடையது, மல்டிசாய்ஸை 2025 செப்டம்பரில் பிரான்ஸின் கனால் பிளஸ் வாங்கியது. ஒளிபரப்பு நிறுவனத்தில் வெளிநாட்டவர் வாக்குரிமை 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது தென்னாப்பிரிக்கச் சட்டம், அதனால் உரிமம் வைத்திருக்கும் பகுதியைத் தனி நிறுவனமாகப் பிரித்துத்தான் விற்பனையே நடந்தது. 16 கிளப்புகளின் மாத மானியத்துக்கு ஊற்றுக்கண் அந்த ஒப்பந்தம். எந்த ஒரு கிளப்பை யார் வாங்குகிறார்கள் என்பதைவிட, அடுத்த ஒப்பந்தத்துக்குப் பாரிஸில் என்ன விலை போடுகிறார்கள் என்பது எல்லா இடங்களின் மதிப்பையும் ஒரே நாளில் மாற்றும்.

ஊரை விட்டுக் கிளப் போவதைத் தடுக்க வழி இல்லாமல் இல்லை. விம்பிள்டன் கிளப்பை 2003ல் மில்டன் கீன்ஸுக்குத் தூக்கிக்கொண்டு போன வலி இங்கிலாந்தில் இருபது வருடம் ஆறவில்லை. 2025ல் அங்கே வந்த சட்டம், ஸ்டேடியத்தை விற்கவோ ஊரை மாற்றவோ தனி ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி வேண்டும் என்கிறது. நம் லீக்கும் இடத்தை ஊரோடு கட்டலாம், குறைந்தது மூன்று பருவமாவது அதே மாகாணத்தில் ஆட வேண்டும் என்று விதி போடலாம். தாண்டா மாதிரி ஆடி ஜெயித்த இடத்தை அடுத்த பருவம் தொடங்குமுன் விற்கக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தாலே பாதி அநியாயம் நிற்கும்.

அது லீக் செய்ய வேண்டியது. ஃபீனிக்ஸிலும் சாட்ஸ்வர்த்திலும் டோங்காட்டிலும் சனிக்கிழமை காலையில் பிள்ளைகளைப் பயிற்றுவிக்கும் அண்ணன்மார் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2022 நவம்பரிலிருந்து அந்த 5 சதவீதம் பாரிஸில் உள்ள ஃபிஃபா தீர்வகம் (கிளியரிங் ஹவுஸ்) வழியாகப் போகிறது. யார் யார் வளர்த்தார்கள் என்பதை அது மின்னணுப் பதிவைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. பயிற்சி நோட்டில் பெயர் எழுதி வைத்தால் போதாது. பன்னிரண்டாவது பிறந்தநாள் வரும் வருடத்திலிருந்தே தேசியச் சங்கத்தின் கணினிப் பதிவில் பையனின் பெயர், கிளப்பின் பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி நான்கும் இருக்க வேண்டும். அடுத்த பருவப் பதிவின்போது அந்த நான்கையும் திரையில் ஒரு முறை பார்த்து, பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.