வைக்கிங் தலையில் கொம்பு முளைத்த கதை

பொம்மைக் கடையோ, பீர் பாட்டிலோ, வீடியோ கேமோ, வடக்கு ஐரோப்பாவின் பழங்காலக் கடலோடிப் போர்வீரரான வைக்கிங் என்றாலே தலையில் இரண்டு கொம்பு இருக்கும். கொம்பை எடுத்துவிட்டால் வெறும் தாடிக்காரர் படம்தான், யாருக்கும் அடையாளம் தெரியாது. ஆனால் வைக்கிங்குகள் கொம்பு வைத்த கவசத்தோடு சண்டைக்குப் போனதற்கு ஒரு சான்றுகூடக் கிடைத்ததில்லை.

கிடைத்தது வேறு. நார்வேயில் யெர்முண்ட்பூ என்ற இடத்தில் 1943-இல் தோண்டியெடுத்த, 10-ஆம் நூற்றாண்டின் இரும்புத் தலைக்கவசம். கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருக்கும், உச்சியில் ஒரு சின்ன முனை, கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி போல ஒரு காப்பு, அவ்வளவுதான். அந்த வளைவில் விழுகிற வாள் சறுக்கிப் போய்விடும். கொம்பு இருந்தால் அதில் மாட்டிக் கவசத்தையே தட்டிவிடும், இல்லையென்றால் கழுத்தைத் திருகும்.

சரி, கொம்பு வைத்த கவசமே கிடையாதா? உண்டு. 1942-இல் டென்மார்க்கில் வெக்ஸோ பக்கத்துச் சதுப்பு நிலத்தில் இரண்டு வெண்கலக் கவசங்கள் கிடைத்தன, நீண்டு வளைந்த கொம்புகளோடு. இவற்றின் வயதைப் பிடித்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வெண்கலம் உயிருள்ள பொருளிலிருந்து வந்ததில்லை, அதனால் கார்பன் முறையில் அதன் வயதை நேரடியாகக் கணிக்க முடியாது. ஆனால் ஒரு கொம்பில் பிர்ச் மரப்பட்டையைச் சூடாக்கி எடுத்த தார் கொஞ்சம் ஒட்டியிருந்ததை 2019-இல் கவனித்தார்கள். அந்தக் காலத்துப் பசை அது. மரம் உயிரோடு இருக்கும்போது காற்றிலிருந்து கார்பன்-14 அணுக்களை வாங்கிக்கொண்டே இருக்கும். செத்ததும் வரத்து நின்றுவிடும், உள்ளே இருப்பது 5,730 ஆண்டுகளில் பாதியாகும் வேகத்தில் குறையும். ஏறக்குறைய 70 சதவீதம் மிச்சம் என்றால் சுமார் 2,900 ஆண்டுகள் ஆகிவிட்டன என்று அர்த்தம். தார் சொன்ன விடையும் அதுதான், கி.மு. 900 வாக்கு. வைக்கிங் காலம் தொடங்குவதோ கி.பி. 8-ஆம் நூற்றாண்டின் கடைசியில். நடுவே கிட்டத்தட்ட 1,700 ஆண்டுகள்!

அப்படியானால் கொம்பைப் பரப்பியது யார்? முன்பே சில ஓவியர்கள் வரைந்ததுண்டு, ஆனால் மனதில் பதியவைத்தது 1876-இல் ஜெர்மனியின் பைராய்ட் நகரில் அரங்கேறிய இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னரின் ஓபரா, அதாவது பாடியே நடிக்கும் இசை நாடகம். நார்ஸ் (பழைய வட ஐரோப்பிய), ஜெர்மானியப் புராணங்களிலிருந்து எடுத்த கதை, நான்கு பாகம். உடை வடிவமைத்த கார்ல் எமில் டோப்ளர் சில பாத்திரங்களின் தலையில் கொம்பை ஏற்றினார். மேடையில் கடைசி வரிசைக்காரருக்கும் ஆள் யாரென்று தெரிய வேண்டும், அதற்கு முகத்தைவிட உருவத்தின் வெளிக்கோடு உதவும், கொம்பு அந்தக் கோட்டை ஒரு நொடியில் தனியாகக் காட்டிவிடும். வணிகச் சின்னத்துக்குத் தேவையும் இதே குணம்தான். ஸ்வீடன், நார்வேயிலிருந்து குடியேறியவர்கள் நிறைந்த அமெரிக்க மாநிலம் மினசோட்டா. அங்கே 1961-இல் ஆடத் தொடங்கிய அமெரிக்கக் கால்பந்து (கையில் பந்தோடு ஓடி, ஹெல்மெட் போட்டு ஆடுவது) அணி வைக்கிங் என்றே பெயர் வைத்துக்கொண்டது, ஹெல்மெட்டின் இரு பக்கமும் கொம்பை வரைந்தும் கொண்டது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நார்வேயின் ஓசெபெர்க்கில் கப்பலோடு புதைத்த கல்லறையில் கிடைத்த, 9-ஆம் நூற்றாண்டுத் துணிச் சித்திரத்தில், கொம்பு வைத்த ஓர் உருவம் இருக்கிறது. போர்வீரர் என்பதைவிட, சடங்கு ஊர்வலத்தில் வேடம் போட்டு நிற்பவர் என்றே ஆய்வாளர்கள் பலர் அதைப் படிக்கிறார்கள்.