ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டதா? கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

"சார், எங்க ஸ்கூல் போர்டு நல்லா ஓடுதுன்னு ஆபீஸ்ல பேப்பர் இருக்காம்." போன வருடம் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியை போனில் இப்படித்தான் ஆரம்பித்தார். போர்டு மாட்டி ஐந்து மாதம் ஆகியிருந்தது. முதல் வாரம் படம் தெரிந்தது, அப்புறம் கறுப்பாகவே கிடந்தது. நான்கு முறை போன் செய்தும் யாரும் வரவில்லை, ஐந்தாவது முறை நேரில் போனால் அவர் கையெழுத்தையே எடுத்துக் காட்டுகிறார்கள்: "நல்ல நிலையில் இயங்குகிறது எனச் சான்றளிக்கிறேன்." அந்தத் தாளில் அவர் கையெழுத்துப் போட்டபோது போர்டு இன்னும் அட்டைப் பெட்டிக்குள் இருந்தது. மாட்ட வந்த பையன், "மேடம், இன்னும் ரெண்டு ஸ்கூல் பாக்கி இருக்கு, முதல்ல சைன் போட்டுடுங்க" என்றிருக்கிறான். இவரும் இரக்கப்பட்டுப் போட்டுவிட்டார்.

முப்பது வருடம் இடைநிலை ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். இதே கதையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் பலரிடம் கேட்டுவிட்டேன், அதனால்தான் எழுதுகிறேன்.

திட்டம் என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழக அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 திறன்மிகு வகுப்பறைகள், அதாவது ஸ்மார்ட் போர்டு மாட்டிய அறைகள், சுமார் 455 கோடி ரூபாய்க்கு. தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு 79,723 கையடக்கக் கணினிகள், அதாவது எல்லோரும் 'டேப்' என்று சொல்வது, சுமார் 101 கோடிக்கு. இவற்றோடு பள்ளிக்குப் பிராட்பேண்ட் இணைப்பு. தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லித்தர 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் மதிப்பீடுகளையும் செயலியில்தான் போட வேண்டும் என்பதால், டேப் இல்லாத ஆசிரியருக்கு இன்று பாதி வேலை ஓடாது. அரசாணை எண்களைத் தெரிந்து கொள்வதால் உங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, அதை விட்டுவிடலாம்.

முதலில், யாருக்குக் கிடைக்கும் என்பதில் இருக்கும் குழிகள். 22,931 என்பது வகுப்பறைகளின் கணக்கு. உங்கள் பள்ளியில் ஐந்து வகுப்பு இருந்தால் ஐந்து போர்டு வரும் என்று காத்திருக்காதீர்கள், ஒரு அறைக்கு வந்தால் அதை ஐந்து வகுப்பும் பங்கு போட வேண்டியதுதான். எந்த வகுப்புக்கு எந்த நேரம் என்று முதல் வாரத்திலேயே ஒரு அட்டவணை எழுதி அந்த அறைக் கதவில் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் அது தலைமை ஆசிரியர் அறையாகவே மாறிவிடும், பார்த்திருக்கிறேன். அடுத்தது, இந்த அறிவிப்புகள் அரசுப் பள்ளிகளுக்கானவை. உதவிபெறும் பள்ளி ஆசிரியர்கள் "எங்களுக்கு எப்போ சார்" என்று வட்டார வள மையத்துக்கு, அதாவது பி.ஆர்.சி.க்கு, நடையாய் நடக்கிறார்கள், அங்கே இருப்பவர்களும் இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லாமல் "லிஸ்ட் வரும், பார்க்கலாம்" என்று அனுப்புகிறார்கள். வராத லிஸ்ட்டுக்கு எத்தனை மாதம் நடப்பது? சிலர் மத்திய அரசின் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் கணினிக்கென்று ஒரு பிரிவு இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது, ஆனால் அது 6 முதல் 12 வரை வகுப்புகள் உள்ள பள்ளிகளுக்கு. ஐந்தாம் வகுப்போடு நிற்கும் பள்ளி அந்தப் பிரிவில் விண்ணப்பித்தால் தபால் செலவுதான் மிச்சம்.

மாற்றுப்பணியில் இருக்கும் ஆசிரியர்கள் கவனம். பாடம் நடத்துவது ஒரு பள்ளியில், சம்பளம் வாங்குவது இன்னொரு பள்ளியில் என்று இருந்தால், டேப் எந்தப் பள்ளி இருப்பில் ஏறியது என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்த பள்ளி மேலாண்மைக் குழு மூலம் வந்த தற்காலிக ஆசிரியர்களின் நிலைமை இன்னும் பரிதாபம். வேலை அதே வேலை, கையில் டேப் இல்லை, சொந்த போனில் சொந்த டேட்டாவைப் போட்டு ஓட்டுகிறார்கள். இதை யாரும் கேட்பதும் இல்லை.

சரி, கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன், மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். போர்டோ டேப்போ வந்தால் இரண்டு தனித்தனி விஷயங்கள் நடக்கின்றன: பொருள் வந்து சேர்ந்தது, பொருள் இயங்குகிறது. வருகிற தாளில் இரண்டும் ஒரே வரியில் இருக்கும். வந்து சேர்ந்ததற்குக் கையெழுத்துப் போடுங்கள், மறுக்க வேண்டாம், மறுத்தால் "வாங்க மாட்டேன் என்றார்" என்று எழுதிவிடுவார்கள். ஆனால் கையெழுத்துக்கு மேலேயே உங்கள் கையால் எழுதுங்கள்: "பெட்டி பிரிக்கப்படாத நிலையில் பெறப்பட்டது. இயக்கிப் பார்க்கப்படவில்லை." இணைய இணைப்பு வரவில்லை என்றால் அதையும். மின்சாரம் இல்லாத நேரம் வந்து மாட்டினார்கள் என்றால் அதையும். தேதி, நேரம் போடுங்கள், அந்தத் தாளை அங்கேயே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வந்த பையன் முகம் சுளிப்பான். சுளிக்கட்டும். அவன் கம்பெனிக்கு அந்தத் தாள் வெறும் பில் பாஸ் ஆகும் சமாச்சாரம், மூன்று வருடம் கழித்து ஆடிட்டில் பதில் சொல்லப் போவது நீங்கள்.

பொருளின் சீரியல் நம்பர், உத்தரவாதம் எந்தத் தேதி வரை, பழுதானால் யாரைக் கூப்பிட வேண்டும், இந்த மூன்றையும் இருப்புப் பதிவேட்டில் அந்தப் பொருளின் வரிக்கு எதிரிலேயே எழுதிவிடுங்கள். தனி நோட்டில் எழுதினால் நீங்கள் மாறுதலில் போன அன்று அந்த நோட்டும் போய்விடும்.

இன்னொரு கையெழுத்தும் இருக்கிறது, அது கண்ணுக்குத் தெரியாதது. நாடு முழுக்கப் பள்ளி விவரங்களைத் திரட்டும் யுடைஸ் படிவத்தில் கணினி, டேப், டிஜிட்டல் போர்டு எல்லாவற்றுக்கும் 'இருப்பது எத்தனை', 'இயங்குவது எத்தனை' என்று இரண்டு கட்டம் உண்டு. அவசரத்தில் இரண்டிலும் ஒரே எண்ணைப் போட்டுவிடுகிறோம், அல்லது போன வருடக் கணக்கை அப்படியே ஏற்றுகிறோம், அல்லது பதிவேற்ற உதவிய வேறு யாரோ போட்டுவிடுகிறார்கள். அப்புறம் பழுது என்று எழுதிக் கொடுத்தால் "உங்கள் பள்ளித் தகவலிலேயே இயங்குகிறது என்றுதானே இருக்கிறது" என்று கேட்பார்கள். பழுதான பொருளை இயங்கும் கணக்கில் காட்டுவது பள்ளி மானத்தைக் காப்பாற்றாது. பூஜ்யம் என்றால் பூஜ்யம் போடுங்கள்.

நன்கொடையாக டி.வி. வாங்கித் தருகிறோம் என்று முன்னாள் மாணவர்கள் வருவார்கள். நல்ல மனசு, வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் பதிவேட்டில் 'நன்கொடை' என்று தெளிவாக எழுதி, பில்லையும் உத்தரவாத அட்டையையும் சேர்த்தே வாங்குங்கள். ஒரு பள்ளியில் நன்கொடை டி.வி. இருப்பதைக் காட்டி, "உங்களுக்குத்தான் ஏற்கெனவே இருக்கிறதே" என்று பட்டியலில் கடைசிக்குத் தள்ளிய கதையும் எனக்குத் தெரியும்.

பழுதாகிவிட்டது, இப்போது என்ன? வாட்ஸ்அப் குழுவில் "போர்டு ஒர்க் ஆகலை சார்" என்று போடுவது புகார் ஆகாது. கீழே நாற்பது வணக்கமும் ஒரு பிறந்தநாள் வாழ்த்தும் வந்து அதை மூடிவிடும். வட்டார வள மையத்து ஆசிரியர் பயிற்றுநர் "பி.இ.ஓ. ஆபீஸ்ல சொல்லுங்க" என்பார், அதாவது வட்டாரக் கல்வி அலுவலர் அலுவலகத்தில், அங்கே "பி.ஆர்.சி.ல சொல்லுங்க" என்பார்கள், இருவரும் சேர்ந்து "கம்பெனிக்காரனுக்கு போன் போடுங்க" என்பார்கள், அவன் எடுக்கவே மாட்டான். இந்த வட்டத்தில் சுற்றாமல் இருக்க ஒரே வழி எழுத்துதான். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

"எங்கள் பள்ளிக்கு இந்தத் தேதியில் வழங்கப்பட்ட, இந்த வரிசை எண் கொண்ட திறன்மிகு பலகை, இந்தத் தேதி முதல் இயங்கவில்லை. உத்தரவாதக் காலம் இன்னும் முடியவில்லை. நிறுவனத்துக்கு இந்தத் தேதிகளில் தொலைபேசியில் தெரிவித்தும் யாரும் வரவில்லை. இதனால் இத்தனை மாணவர்களுக்கு வகுப்பு நடத்த இயலவில்லை. சரிசெய்து தர ஆவன செய்யுமாறும், எடுத்த நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒன்று, நகல் வட்டார வள மையத்துக்கு. நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். "வெச்சிட்டுப் போங்க டீச்சர், பார்க்கிறோம்" என்றால் வெளியே வந்து பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். அதே வாரம் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடுங்கள். ஆசிரியர் தனியாக எழுதினால் 'பிரச்சினை செய்கிற ஆள்' என்று பெயர் வரும், பெற்றோர் தீர்மானமாக வந்தால் அந்தப் பெயரை யாருக்கும் வைக்க முடியாது. தீர்மானம் நோட்டில் மட்டும் இருந்தால் போதாது, பெற்றோர் செயலியிலும் ஏற வேண்டும். பெற்றோர் யாராவது 14417 கல்வி உதவி எண்ணிலோ 1100 முதல்வர் உதவி மையத்திலோ புகார் பதிந்தால், தரும் புகார் எண்ணைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். அந்த எண் இல்லாமல் இரண்டாவது முறை கூப்பிட்டால் மறுபடி முதலிலிருந்துதான்.

டேப் விஷயத்தில் பயம் வேறு மாதிரி. போர்டு சுவரில் இருக்கும், டேப் உங்கள் பையில் இருக்கும். மாறுதல் உத்தரவு வந்த சந்தோஷத்தில் அதை மேஜை மேல் வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு ஆசிரியர் அப்படித்தான், "பீரோவில் வைத்துவிட்டேன் சார்" என்று வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டுப் போனார். ஓய்வு பெறும்போது நிலுவையில்லாச் சான்று கேட்டால் டேப் கணக்கில் இல்லை. அந்தத் தலைமை ஆசிரியரும் அதற்குள் மாறிப் போயிருந்தார். இவர் பணத்தைக் கட்டித்தான் சான்று வாங்கினார், பொருள் இன்னும் அதே பீரோவில் இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். ஒப்படைக்கும்போது சீரியல் நம்பர், சார்ஜர், உறை, இயங்கும் நிலை எல்லாம் எழுதி இரண்டு பேர் கையெழுத்துடன் ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். உங்கள் சொந்தக் கணக்கில் உள்ளே நுழைந்திருந்தால் வெளியேறிவிட்டுக் கொடுங்கள்.

திருடு போனால் அன்றைக்கே காவல் நிலையம். பெரும்பாலும் மனு ஏற்பு ரசீது, அதாவது சி.எஸ்.ஆர். கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். கல்வி அலுவலகம் அதை ஏற்காது, முதல் தகவல் அறிக்கை கேட்கும். அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. பதிய மறுத்தால் புகாரை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் சட்டத்தில் இடம் உண்டு. இரண்டு நாள் தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தால் அந்த இரண்டு நாளுக்கு விளக்கக் கடிதம் எழுத வேண்டி வரும்.

நெட் பில் யார் கட்டுவது? மத்திய அரசின் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளிக்கு வரும் ஒருங்கிணைந்த பள்ளி மானியத்தில் இணையக் கட்டணம், மின்கட்டணம், பழுதான சாதனத்தை மாற்றுவது எல்லாவற்றுக்கும் செலவிட இடம் இருக்கிறது. 30 மாணவர் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000. அதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். 28 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் 9,000 ரூபாயை வைத்துச் சுண்ணாம்பு, சாக்பீஸ், துடைப்பம், மின்விசிறி, நெட் எல்லாம் ஒரு வருடம் ஓட்டச் சொல்கிறார்கள். அதுவும் பணம் நேரத்துக்கு வந்தால். 2024-25இல் மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழகம் கையெழுத்திடவில்லை என்று, மானியம் வரும் இதே திட்டத்தின் 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்தது, இரண்டு அரசுகளும் அறிக்கை விட்டுக்கொண்டிருந்தன. இந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும், பணம் வராத மாதத்தில் ரீசார்ஜ் செய்வது பாழாய்ப் போன நம் ஆசிரியர்தான். செய்தால் ரசீதையாவது வைத்துக்கொண்டு மேலாண்மைக் குழுவில் பதிவு செய்யுங்கள். பிள்ளைகளிடம் மட்டும் 'நெட்டுக்கு' என்று பத்து ரூபாய் கூட வாங்காதீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு இலவசம் என்கிறது, ஒரு பெற்றோர் புகார் எழுதினால் மாட்டுவது நீங்கள். வீட்டில் ஸ்மார்ட்போன் இல்லாத பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் அனுப்பிவிட்டு மறுநாள் நிற்க வைப்பதும் வேண்டாம், அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

பதிவேற்ற வேலை பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி பிரித்துக் கற்பிக்கும் யோசனை நல்லதுதான், அதைச் செயலியில் ஏற்ற ஒரு பீரியட் போகிறதே என்பதுதான் வயிற்றெரிச்சல். பள்ளி விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் வேலையிலிருந்து விடுவியுங்கள் என்று, தொடக்கப் பள்ளி ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பான டிட்டோஜாக் பல முறை போராடியும் ஆயிற்று. கல்வி உரிமைச் சட்டம் 27ஆம் பிரிவைக் காட்டி மறுத்துவிடலாம் என்று சிலர் சொல்வதை நம்பி மாட்டிக்கொள்ளாதீர்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு 'கல்வி சாராத' வேலை தரக்கூடாது என்றுதான் அந்தப் பிரிவு சொல்கிறது. பதிவேற்றம் கல்வி சார்ந்த வேலைதான் என்று அலுவலகம் ஒரே வரியில் முடித்துவிடும். மறுப்பதை விட, மதிப்பீட்டை முதலில் தாளில் குறித்து, நெட் கிடைக்கும் நேரம் ஏற்றுங்கள். சர்வர் சுற்றிக்கொண்டே இருந்தால் திரையைப் படம் எடுத்து வையுங்கள், தாமதத்துக்கு விளக்கம் கேட்கும்போது அந்தப் படம் பேசும். பாடப்புத்தக க்யூ.ஆர். கோடு வீடியோக்களையும் வகுப்பில் நின்று தேடாதீர்கள், முந்தின நாளே தீக்ஷா செயலியில் பதிவிறக்கி வைத்தால் நெட் இல்லாமலும் ஓடும்.

எழுதியும் இரண்டு மாதம் பதில் இல்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம். ஆசிரியர் பெயரில் போடத் தயக்கமாக இருந்தால் ஒரு பெற்றோர் போடட்டும். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர், வட்டாரக் கல்வி அலுவலர் அலுவலகம் என்று அனுப்புங்கள். "ஏன் சரிசெய்யவில்லை?" என்று கேட்காதீர்கள், காரணம் கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: எங்கள் பள்ளிக் கடிதத்தின் மீது எழுதப்பட்ட குறிப்புகளின் நகல், நிறுவனத்துக்கு அனுப்பிய கடிதத்தின் நகல், உத்தரவாத நிபந்தனைகளின் நகல். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று போன் வந்தால் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த ஆவணம் "எங்களிடம் இல்லை" என்று அலுவலகம் சொன்னால் 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் இல்லை.

ஆரம்பத்தில் சொன்ன தலைமை ஆசிரியை பள்ளிக்கு மேல்முறையீடு வரை போக வேண்டி வரவில்லை. ஒரு மாணவியின் அப்பா மனு போட்ட பதினெட்டாம் நாள் ஒரு பையன் டூல் பாக்ஸோடு வந்தான், உள்ளே ஏதோ ஒரு சர்க்யூட் போர்டை மாற்றினான், படம் வந்தது. கையெழுத்துக்குத் தாளை நீட்டினான். டீச்சர் ஒரு முழு பீரியட் பாடம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தார், அவன் வெளியே திண்ணையில் உட்கார்ந்திருந்தான்.