4 சதவீதமா, 57 சதவீதமா? போர்க்கால அதிபருக்கு மக்கள் மார்க் போடும் கணக்கு

2025 பிப்ரவரியில், உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கிக்கு அவர் நாட்டிலேயே ஆதரவு 4 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது என்று டிரம்ப் சொன்னார். அதே வாரம் கீவ் சர்வதேச சமூகவியல் நிறுவனம் தன் கணிப்பை வெளியிட்டது. அதில் ஜெலன்ஸ்கியை நம்புகிறவர்கள் 57 சதவீதம், நம்பாதவர்கள் 37 சதவீதம். தர்மபுரி நாலு ரோட்டு டீக்கடையில் இந்தச் செய்தி அடிபட்டால் என்ன சொல்வார்கள் என்று நமக்குத் தெரியும்: "எல்லாம் காசு குடுத்தா வர்ற நம்பர்ங்க." அப்படித் தள்ளிவிடுவது சுலபம். ஆனால் 4க்கு எந்தக் கணிப்பையும் டிரம்ப் காட்டவில்லை. 57 எப்படி வந்தது என்பதைப் பிரித்துக் காட்ட முடியும், அதைப் பிரித்தால்தான் போர்க்காலத்தில் ஒரு நாட்டின் கருத்து ஏன் திடீரென்று ஒன்று சேருகிறது, ஏன் மறுபடி இரண்டாகப் பிளக்கிறது என்பதும் புரியும்.

முதலில் எண்ணிக்கை. அந்த நிறுவனம் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த செல்போன் எண்களுக்கு அடித்து ஏறக்குறைய ஆயிரம் பேரிடம் கேட்கிறது. ஆயிரம் பேர் போதுமா? போதும். 2011 கணக்கெடுப்புப்படி தர்மபுரி மாவட்டத்தில் 15 லட்சம் பேர், அமெரிக்காவில் 30 கோடிக்கு மேல். இரண்டு இடத்திலும் ஆயிரம் பேரைக் கேட்டால் பிழை கிட்டத்தட்ட ஒன்றுதான், கூட்டியோ குறைத்தோ 3 சதவீதம். கேட்டவர்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்து, 1ஐ அதால் வகுத்தால் அந்தப் பிழை வந்துவிடும். ஆயிரத்தின் வர்க்கமூலம் 32க்குப் பக்கத்தில், அதனால் 3 சதவீதம். பிழையைப் பாதியாக்க வேண்டும் என்றால் நாலாயிரம் பேரைக் கேட்க வேண்டும். மொத்த மக்கள்தொகை இந்தக் கணக்கில் வருவதே இல்லை, பலருக்கும் நம்பிக்கை வராத இடமும் இதுதான்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டியின் மேல் வரிசையை மட்டும் பார்த்து விலை பேசுகிற வியாபாரி கிடையாது, கையை உள்ளே விட்டு அடியிலிருந்து இரண்டை எடுத்துப் பார்ப்பார். 1936இல் அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை மேல் வரிசையைத்தான் பார்த்தது. டெலிபோன் டைரக்டரி, கார் பதிவுப் பட்டியல் இவற்றிலிருந்து முகவரி எடுத்து ஒரு கோடி பேருக்குச் சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கு மேல் பதில் வாங்கி, அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன்தான் ஜெயிப்பார் என்றது. அந்தக் காலத்தில் போனும் காரும் யாரிடம் இருந்திருக்கும்? தேர்தலில் ரூஸ்வெல்ட் 60 சதவீத ஓட்டு வாங்கினார். அதைவிட மிகக் குறைவான ஆட்களைக் கேட்ட காலப் என்பவர் ஜெயிப்பவரைச் சரியாகச் சொல்லிவிட்டார்.

போர் நடக்கும் நாட்டில் பெட்டியின் அடிவரைக்கும் கை போகாது. ரஷ்யா பிடித்து வைத்திருக்கும் பகுதிக்குக் கீவிலிருந்து போன் போட்டுக் கேட்க முடியாது, நாட்டை விட்டு ஓடியவர்கள் பட்டியலில் இல்லை, பதுங்குகுழியில் இருக்கும் சிப்பாய் போனை எடுக்க மாட்டான். அதனால் 3 சதவீதம் என்பது காகிதத்தில் உள்ள பிழை, நிஜத்தில் கொஞ்சம் கூடவே இருக்கும். அதற்காக 57 என்பது 4 ஆகிவிடாது.

அப்புறம், என்ன கேட்டார்கள் என்பது. "அதிபரை நம்புகிறீர்களா" என்பது ஒரு கேள்வி, "அவர் வேலை பார்க்கும் விதம் சரியா" என்பது வேறு, "நாளைக்குத் தேர்தல் வந்தால் அவருக்கே போடுவீர்களா" என்பது முற்றிலும் வேறு. போர் முடியும் வரை இவர்தான் இருக்க வேண்டும், முடிந்ததும் வேறு ஆளைப் பார்க்கலாம் என்று ஒரே ஆள் நினைக்கலாம், அதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. கேள்வியில் நாலு வார்த்தை கூடினாலும் விடை மாறும். கொரியப் போரின்போது, கம்யூனிஸ்ட் படையெடுப்பைத் தடுக்கத்தான் இந்தப் போர் என்பதைக் கேள்விக்குள்ளேயே சேர்த்துக் கேட்டபோது ஆதரவு 15 முதல் 20 சதவீதம் வரை கூடுதலாக வந்தது. கேட்டவர்கள் பொய் சொல்லவில்லை, பதில் சொன்னவர்களும் சொல்லவில்லை.

இனிதான் விஷயம். இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்த 2001 செப்டம்பர் 11க்கு முந்தைய நாள்களில், காலப் தொடங்கிய நிறுவனம் எடுத்த கணிப்பில் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷுக்கு ஆதரவு 51 சதவீதம். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, 90. அந்த நிறுவனம் எந்த அதிபருக்கும் பதிவு செய்ததிலேயே அதுதான் உச்சம். இரண்டு வாரத்தில் ஒரு மனிதர் தன் வேலையில் அவ்வளவு கெட்டிக்காரர் ஆகிவிட முடியாது இல்லையா? அரசியல் அறிஞர் ஜான் முல்லர் 1970லேயே இதற்கு இலக்கணம் எழுதினார்: சம்பவம் வெளிநாடு சம்பந்தப்பட்டதாக, அதிபரை நேரடியாகத் தொடுவதாக, திடீரென்று கண்முன் வெடிப்பதாக இருந்தால் மக்கள் கொடியைச் சுற்றித் திரள்வார்கள்.

வேடிக்கை என்னவென்றால் ஜெயிக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. 1961 ஏப்ரலில் கியூபாவின் பன்றி விரிகுடாவில் கென்னடி ஆட்சி இறக்கிவிட்ட படை மூன்றே நாளில் மண்ணைக் கவ்வியது, கென்னடியின் ஆதரவோ 83 சதவீதத்துக்கு ஏறியது. (இதே கென்னடியை 1962 செப்டம்பரில் வாஷிங்டனுக்கே போய்ச் சந்தித்து அணுகுண்டுச் சோதனையை நிறுத்துங்கள் என்று கேட்டவர் நம்ம ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி. அடுத்த மாதமே கியூபா ஏவுகணை நெருக்கடி வந்தது, கென்னடியின் மார்க் மறுபடி ஏறியது.) ஜெலன்ஸ்கிக்கும் இதேதான்: 2022 பிப்ரவரியில், படையெடுப்புக்கு முன்பு, நம்பிக்கை 37 சதவீதம், மே மாதம் 90, 2024 டிசம்பரில் 52. பிறகு டிரம்ப்போடு வெள்ளை மாளிகையில் கேமரா முன்னால் வாக்குவாதம் நடந்தது, அடுத்த கணிப்புகளில் 60ஐ நன்றாகத் தாண்டிவிட்டது. வெளியாள் திட்டினால் வீட்டுச் சண்டை கொஞ்ச நாளைக்கு நின்றுபோகும்.

ஏன் திரள்கிறார்கள்? தேசப்பற்று என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம், எனக்கு அது போதவில்லை. ரிச்சர்ட் பிராடி என்ற ஆய்வாளர் சொன்ன காரணம் இன்னும் கெட்டியானது. சாதாரண நாளில் நாம் டிவியில் என்ன கேட்கிறோம்? ஆளுங்கட்சி ஒன்று சொல்லும், எதிர்க்கட்சி அதை அடிக்கும், நாம் நமக்குப் பிடித்த பக்கத்தில் நின்றுகொள்வோம். நெருக்கடி வந்த முதல் நாள்களில் எதிர்க்கட்சித் தலைவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள், அவர்களிடம் தகவலும் இல்லை, துரோகி என்று பெயர் வாங்கவும் பயம். செய்தியில் ஒரே குரல்தான் வருகிறது. 2001இல் நடந்தது அதுதான்: தகராறான தேர்தலில் புஷ்ஷிடம் தோற்ற அல் கோரே, புஷ்தான் தன் படைத்தலைவர் என்று அந்த மாதக் கடைசியில் மேடையில் சொன்னார். 90ஐப் பிரித்துப் பார்த்தால் புஷ்ஷின் குடியரசுக் கட்சிக்காரர்கள் முன்பே பெரும்பாலும் அவர் பக்கம்தான். புதிதாக வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் எதிர்த்தரப்பும் நடுவில் நின்றவர்களும்.

ஆக, பிளவுதான் ஒரு நாட்டின் இயல்பான நிலை. அந்த மௌனம் கலைந்ததும் அது திரும்பி வந்துவிடுகிறது, பல நேரம் முன்னைவிட ஆழமாக. 2004இல் ஈராக் போர் நடக்கும்போது குடியரசுக் கட்சிக்காரர்களில் பத்துக்கு ஒன்பது பேர் புஷ் நன்றாகச் செய்கிறார் என்றார்கள், ஜனநாயகக் கட்சிக்காரர்களில் பத்துக்கு ஒன்றிரண்டு பேர்தான் அப்படிச் சொன்னார்கள். ஒரே நாடு, ஒரே போர்.

செய்தி தெரியாததால் வரும் பிளவு இல்லை இது. ஈராக் போரின்போது ஒரே ஆட்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு நடத்திய ஆய்வில், எத்தனை அமெரிக்க வீரர்கள் செத்தார்கள் என்பதை இரு கட்சிக்காரர்களும் ஓரளவு சரியாகவே தெரிந்துவைத்திருந்தார்கள். அந்த எண்ணிக்கை பெரிதா சிறிதா என்பதில்தான் பிரிந்தார்கள். போருக்குக் காரணமாகச் சொன்ன பேரழிவு ஆயுதம் ஈராக்கில் அகப்படவில்லை என்ற செய்திக்கும் அப்படியே: ஒரு பக்கம் "அப்படி ஒன்று இருந்ததே இல்லை", இன்னொரு பக்கம் "இருந்தது, கடத்திவிட்டார்கள் அல்லது அழித்துவிட்டார்கள்".

சாவு எண்ணிக்கைக்கும் ஆதரவுக்கும் உள்ள உறவு நேர்கோடு இல்லை என்பதையும் முல்லர்தான் கண்டார். கொரியா, வியட்நாம் இரண்டிலும் உயிரிழப்பும் காயமும் பத்து மடங்கு ஆகும்போதெல்லாம் போர் ஆதரவு சுமார் 15 சதவீதம் விழுந்தது. நூறு ஆயிரமாகும்போது எவ்வளவு விழுமோ அவ்வளவுதான், ஆயிரம் பத்தாயிரமாகும்போதும். முதல் சவப்பெட்டிகள் மனசை ஆட்டுகிற அளவுக்குப் பிந்தையவை ஆட்டுவதில்லை. குரூரமான கணக்கு.

ரஷ்யாவில் வேறு சிக்கல். லெவாடா மையத்தின் கணிப்பில் புடினுக்கு 2022 பிப்ரவரியில் 71, மார்ச்சில் 83. பயந்து சொன்ன பதிலா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதை அளக்க ஒரு தந்திரம் உண்டு. தர்மபுரியில் வீடு வீடாகப் போய் "ஓட்டுக்குப் பணம் வாங்கினீங்களா" என்று கேட்டால் ஒருத்தரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். அதற்குப் பதில் பாதி பேரிடம் மூன்று சாதாரண விஷயங்கள் உள்ள பட்டியலைக் காட்டி, இதில் எத்தனை செய்தீர்கள், எது என்று சொல்ல வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும் என்று கேளுங்கள். மீதிப் பாதியிடம் அதே பட்டியலோடு நாலாவதாக ஓட்டுப் பணத்தையும் சேர்த்துக் காட்டுங்கள். முதல் கூட்டத்தின் சராசரி 1.6, இரண்டாவது 2.1 என்று வந்தால், வித்தியாசம் 0.5, அதாவது பாதிப் பேர் வாங்கியிருக்கிறார்கள். யார் என்று யாருக்கும் தெரியாது. 2015இல் புடினை இப்படிப் பட்டியலில் வைத்துக் கேட்டபோது, நேரடிக் கேள்வியில் வந்ததைவிடப் பத்து சதவீதத்துக்கும் குறைவாகவே இறங்கியது. பயம் இருந்திருக்கலாம், ஆனால் எல்லாமே பயம் இல்லை.

கடைசியாகத் தந்தை புஷ், அவரும் அமெரிக்க அதிபராக இருந்தவர். 1991இல் ஈராக்கிடமிருந்து குவைத்தை மீட்ட வளைகுடாப் போரை ஜெயித்ததும் 89 சதவீதம், அடுத்த வருஷக் கோடையில் 29. நடுவில் அந்தப் போர் தோற்றுப்போகவில்லை, வெற்றி வெற்றியாகத்தான் இருந்தது. மக்கள் மனசில் முன்னால் நின்ற விஷயம்தான் மாறியது: வேலையில்லாத் திண்டாட்டமும் மந்தமும் வந்து குவைத்தைப் பின்னுக்குத் தள்ளின. கிருஷ்ணகிரியில் மாங்காய் விலை சரிந்த சீசனில் தோட்டக்காரரிடம் போய் எல்லை நிலவரம் எப்படி என்று கேட்டுப் பாருங்கள், தெரியும். 1992 நவம்பரில் புஷ்ஷுக்கு விழுந்த ஓட்டு 37 சதவீதம்.