நால்வர் பாட, ஐந்தாவது குரல்

பார்பர்ஷாப் பாணியில் நால்வர் வாத்தியமே இல்லாமல் பாடும்போது, சில இடங்களில் ஐந்தாவதாக ஒரு குரல் கேட்கும். யாரும் பாடாத குரல் அது. பிரமை அன்று, இயற்பியல்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் முடிதிருத்தகங்களிலும் தெருமுனைகளிலும் வளர்ந்த பாணி இது. மெட்டைப் பாடுபவர் லீட். அவருக்கு மேலே டெனர், அடியில் பாஸ், எஞ்சிய இடத்தை நிரப்ப பாரிடோன். இவர்கள் விரும்பித் தேடும் சுரக்கூட்டின், அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் நான்கு சுரங்களின், அதிர்வெண்கள் 4:5:6:7 என்ற விகிதத்தில் அமையும். 220 ஹெர்ட்ஸில் தொடங்கினால் 220, 275, 330, 385.

எந்தக் குரலும் ஒற்றை அதிர்வெண்ணால் ஆனதில்லை. அதன் மடங்குகளாக மேற்சுரங்களும் சேர்ந்தே வரும். 220இன் ஐந்தாம் மடங்கு 1100, 275இன் நான்காம் மடங்கும் 1100. இரு குரல்களின் வலுவும் அங்கே குவிவதால் தனியாக ஒரு சுரம் ஒலிப்பதாகக் காது உணர்கிறது. தம்புராவில் தானாக எழும் அந்தர காந்தாரமும் ஐந்தாம் மடங்கிலிருந்து வருவதுதான்.

பியானோவில் இந்தச் சுரம் இப்படிக் கூடி வராது. அதன் 12 சுரங்களும் எந்தச் சுருதியிலும் வாசிக்க வசதியாகச் சம விகிதத்தில் பிரிக்கப்பட்டவை. அங்கே 275க்குப் பதில் சுமார் 277, 385க்குப் பதில் 392. நான்காம் மடங்கு 1109 ஆகி 1100உடன் உரசும். ஒலி ஏறி இறங்கி விம்மும், நொடிக்கு ஏறத்தாழ ஒன்பது விம்மல்கள். குரலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. விம்மல் அடங்கும்வரை பாடகர்கள் சுரத்தை மயிரிழை நகர்த்துகிறார்கள். உயிரொலிகளை நால்வரும் ஒரே வாய் வடிவில் உச்சரிப்பதும் இதற்காகவே. அப்போதுதான் எல்லோரிடமும் ஒரே பகுதி மேற்சுரங்கள் வலுப்பெறும். விகிதக் கணக்கு எதுவும் பார்க்காமல் காதாலேயே இதைக் கண்டெடுத்தார்கள் என்பது எனக்குத் தீராத வியப்பு.

குரலால் வேறு என்னென்ன முடியும் என்பதை 1931இல் ஒஹையோ மாநிலத்தின் மில்ஸ் சகோதரர்கள் காட்டினார்கள். கையைக் குவித்து டிரம்பெட்டாக ஒலித்தார்கள். கிதாரைத் தவிர வேறு வாத்தியம் இல்லை என்று இசைத்தட்டிலேயே அச்சிட வேண்டியிருந்தது.

1948இல் இண்டியானாபொலிஸில் உருவான ஃபோர் ஃப்ரெஷ்மன் குழுவும் பார்பர்ஷாப் பாடித் தொடங்கி, ஜாஸின் அடர்ந்த சுரக்கூட்டுகளுக்கு நகர்ந்தது. கலிஃபோர்னியாவில் பிரையன் வில்சன் என்ற சிறுவன் அவர்களுடைய இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒவ்வொரு குரலாகப் பிரித்தெடுத்துத் தன் தம்பிகளுக்குக் கற்றுக்கொடுத்தான். அந்த வீட்டுப் பிள்ளைகளைச் சுற்றித்தான் பீச் பாய்ஸ் என்ற ராக் இசைக்குழு உருவானது.