கரும்பச்சை இலையை நம்பாதீர்கள்

யூரியாவை இன்னும் கூட்டிப் போடலாமா என்று கேட்டு வந்த விவசாயிகளில், போன வாரத்தில் மட்டும் இவர் மூன்றாவது ஆள். கையில் பழைய யூரியா சாக்கு, அதற்குள் மண். "முன்னாடியெல்லாம் ஒரு மூட்டை போதும் சார். இப்ப ரெண்டு போட்டும் பயிர் எழும்ப மாட்டேங்குது. மூணாப் போட்டுரட்டுமா?"

முதலில் ஒன்று: உரச் சாக்கில் மண் கொண்டுவராதீர்கள். ஆய்வு முடிவே தப்பாகிவிடும்.

அவர் கொண்டுவந்த காய்ந்த கட்டி ஒன்றை டம்ளர் தண்ணீரில் போட்டுக் காட்டினேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதிர்ந்து சேறாகிவிட்டது. மட்கு, அதாவது மக்கிய இலைதழையும் சாணமும், நிறைந்த மண்கட்டி அவ்வளவு சீக்கிரம் உடையாது. பசி அந்த மண்ணுக்கு. அவர் ஊட்டுவதோ இலைக்கு.

இலை கரும்பச்சையாக இருந்தால் விளைச்சல் நிச்சயம் என்ற நம்பிக்கையை எத்தனை கூட்டத்தில் மறுத்தாலும் அது போகமாட்டேன் என்கிறது. யூரியாவில் இருப்பது 46 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்). மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) துத்தநாகமும் அதில் துளிகூட இல்லை. எந்தச் சத்து மிகக் குறைவாக இருக்கிறதோ, அதுதான் விளைச்சலின் அளவைத் தீர்மானிக்கும். 19-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் ஊருக்கெல்லாம் சொன்ன விதி இது. துத்தநாகம் இல்லாத வயலில் மூன்றாவது மூட்டையைக் கொட்டினால் என்ன ஆகும்? தண்டு நெடுநெடுவென்று வளர்ந்து காற்றுக்குச் சாயும். இலை இளசாக இருப்பதால் பூச்சி தேடி வரும். கதிரில் பதர் கூடும். பயிர் எடுக்காத தழைச்சத்து அமோனியாவாகக் காற்றிலும், நைட்ரேட்டாக நிலத்தடி நீரிலும் போய்ச் சேரும். அந்தத் தண்ணீரைத்தான் வீட்டில் குடிக்கிறீர்கள்.

சரி, நாளையிலிருந்து ரசாயனமே வேண்டாம் என்று கிளம்புகிறவர்களுக்கும் சொல்கிறேன், அவசரம் வேண்டாம். 2021-இல் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தது. நவம்பரிலேயே பின்வாங்க வேண்டி வந்தது. ஆனாலும் நெல் விளைச்சல் சரிந்து, அரிசியை வெளியிலிருந்து வாங்க நேர்ந்தது. மண்ணில் மட்கு சேர வருடக்கணக்காகும். மக்களுக்கோ தினமும் சோறு வேண்டும்.

தப்பு விவசாயியிடம் மட்டும் இல்லை. வட்டாரத்தின் உணவுக் கணக்கு எழுதும் நாங்கள் அறுவடையான டன்னை மட்டுமே எழுதுகிறோம். அதற்காக மண்ணிலிருந்து எடுத்தது எவ்வளவு, திருப்பிக் கொடுத்தது எவ்வளவு என்று எழுத அந்தத் தாளில் கட்டமே கிடையாது. அதே டன்னுக்கு வருடாவருடம் கூடுதல் உரம் போகிறதென்றால் அந்த வட்டாரம் மண்ணின் கையிருப்பைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

தயவுசெய்து வைக்கோலை எரிக்காதீர்கள். வருடத்தில் ஒரு போகமாவது பயறு போடுங்கள். யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள், காய்ந்த மண்ணின் மேல் வேண்டவே வேண்டாம். அப்புறம், அடுத்த மூட்டை வாங்குவதற்கு முன்னால் மண் எடுத்து வாருங்கள். வரப்போரம், மர நிழல், எருக்குவியல் இருந்த இடம் இவற்றைத் தவிர்த்து, வயலில் பத்து இடத்திலாவது எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ போதும். சுத்தமான துணிப் பையில்.