சாம்பிள்: எடுப்பதா, தருவதா?

ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் 'சாம்பிள் எடுத்தாச்சா?' என்று கேட்பார்கள். அந்தச் சொல்லின் வேரிலேயே எடுத்தல் இருக்கிறது. லத்தீனில் 'எக்சிமேரே' என்றால் வெளியே எடுப்பது. அதில் பிறந்த 'எக்செம்ப்ளும்', பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், முன்னெழுத்து தேய்ந்து சாம்பிள் ஆனது. எக்ஸாம்பிளும் இதன் உடன்பிறப்புதான். அதற்கு நாம் சொல்லும் 'எடுத்துக்காட்டு' என்பதிலும் எடுத்தல் வந்து நிற்பது எனக்குப் பிடித்த பொருத்தம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? புள்ளியியலில் 'கூறு' என்பார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அந்தக் கருத்துதான். ஆனால் மருத்துவத்தில் உடற்கூறு என்றால் உடலின் அமைப்பு என்று ஆகிவிடும். அதனால் ரத்த மாதிரி, சளி மாதிரி, திசு மாதிரி என்று வழக்கில் ஊன்றிவிட்ட 'மாதிரி'யே போதும்.

என் கவலை வினைச்சொல்லைப் பற்றியது. கையில் ரப்பர் பட்டை கட்டி, ஊசி ஏற்றி, குழாய் நிரம்பியதும் எண் போட்ட சீட்டு ஒட்டுகிறார்கள். பெயர் போய் எண் வந்ததும், அது ஒருவர் தந்தது என்பதே மறந்துபோகிறது.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து ஹவாசுபாய் பழங்குடியினர் 1990 முதல் ஆய்வாளர்களுக்கு ரத்தம் தந்தார்கள். நீரிழிவு தங்களை ஏன் இப்படி வாட்டுகிறது என்று தெரியவரும் என நம்பினார்கள். அதே ரத்தத்தில் மனச்சிதைவையும், மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்பதையும் ஆராய்ந்தது பிற்பாடுதான் தெரிந்தது. அவர்கள் தொடுத்த வழக்கு 2010-ல் சமரசமானபோது 7 லட்சம் டாலரோடு, மிச்சமிருந்த ரத்தமும் அவர்களிடம் திரும்பியது. அமேசானின் யானோமாமி மக்களுக்கோ, இறந்தவருடைய எதுவும் மிஞ்சக் கூடாது. 1960களில் எடுத்த அவர்களது ரத்தம் அமெரிக்க ஆய்வகங்களில் உறைந்தே கிடந்தது. 2015-ல் திரும்பி வந்ததும் மண்ணில் புதைத்தார்கள்.

'சேகரித்தல்' என்பது சிப்பிக்கும் தபால்தலைக்கும் பொருந்தும், மனிதரின் ரத்தத்துக்குப் பொருந்தாது. 'தானம்' என்பதையும் ஏற்க மாட்டேன். தானம் கொடுத்தால் கொடுத்ததுதான், திரும்பக் கேட்க முடியாது. ஆய்வில் சேர்ந்தவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று மருத்துவ ஆய்வுக்கு அறநெறி வகுத்த 1964-ன் ஹெல்சிங்கி பிரகடனமே சொல்லிவிட்டது. 'தருதல்' நல்ல சொல். ஒப்புதல் படிவத்தில் 'நீரிழிவு ஆய்வுக்காக என் ரத்த மாதிரியைத் தருகிறேன்' என்று எழுதினால், யார் தருகிறார், எதற்காகத் தருகிறார் என்ற இரண்டும் அந்த ஒரு வரியிலேயே வந்துவிடும்.