கிரான் துரிஸ்மோ: ‘பெரும் சுற்றுலா’ அன்று

பென்ட்லி என்ற பிரிட்டன் சொகுசுக் காரைப் பற்றிய ஒரு தமிழ்க் கட்டுரையில், ஜிடி (GT) கார் என்பதற்கு மறுபடியும் ‘பெரும் சுற்றுலா கார்’ என்று எழுதியிருந்தார்கள். என்னோடு சேர்ந்து படித்துக்கொண்டிருந்த அண்ணன் மகன், “சித்தப்பா, இதில் எத்தனை பேர் போகலாம்?” என்று கேட்டான். படத்தில் இருந்ததோ இரண்டே கதவுள்ள கார். அவன் மனத்தில் வந்து நின்றது பள்ளிச் சுற்றுலாப் பேருந்து. பிழை அவனுடையதன்று.

ஜிடி என்பது கிரான் துரிஸ்மோ என்ற இத்தாலியத் தொடரின் சுருக்கம். கிரான் என்றால் பெரிய. துரிஸ்மோவின் வேர், சுற்று எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேயப் பிரபுக்களின் பிள்ளைகள் பாரிஸ் சென்று, ஆல்ப்ஸைக் கடந்து, ரோம் வரை போய்வந்த நெடும்பயணத்தின் நினைவு அதில் உண்டு. 1951இல் வந்த லான்சியா ஆரேலியா பி20 ஜிடி என்ற இத்தாலியக் காருக்குப் பிறகு அது ஒரு கார் வகையின் பெயராக வேரூன்றிவிட்டது.

சொல்லுக்குச் சொல் போட்டால் ‘பெரும் சுற்றுலா’ சரிதானே என்பார்கள். சரியன்று. நம் மொழியில் உலா என்பது மெல்ல நடப்பது. சுவாமி வீதி உலா வருகிறார். உலா இலக்கியத்தில் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவப் பெண்களும் கண்குளிரப் பார்க்கும்படி தலைவன் பவனி வருகிறான். சுற்றுலாத் துறைக்கு அந்தச் சொல் அழகாகப் பொருந்தும். மணிக்கு 318 கிலோமீட்டர் வேகம் எட்டும் காருக்கு அது எப்படிப் பொருந்தும்? ‘பெரும்’ என்ற அடையும் தொலைவைச் சொல்லவில்லை, கூட்டத்தைத்தான் சொல்கிறது.

சிலர் ‘சொகுசு விரைவுக் கார்’ என்கிறார்கள். சொகுசும் விரைவும் இருக்கின்றன. எதற்காக என்பது இல்லை. 2003இல் வந்த பென்ட்லியின் முதல் கான்டினென்டல் ஜிடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு லிட்டர், 12 சிலிண்டர், இரண்டு டர்போ, 552 குதிரைத்திறன். சக்கரத்தைச் சுழற்றும் 650 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, எஞ்சின் நிமிடத்துக்கு 1,600 முறை சுழலும்போதே கிடைத்துவிடுவதால் எஞ்சினை அலறவிட வேண்டியதில்லை. எடை ஏறத்தாழ 2,400 கிலோ. பந்தயக் கார் செய்பவர் கிராம் கிராமாக எடையைக் குறைப்பார்; இங்கே தோல் இருக்கை, மரப்பலகை, இரைச்சல் தடுப்பு எல்லாம் ஏற்றப்பட்டிருக்கின்றன. நாள் முழுவதும் ஓட்டியவர் அலுப்பில்லாமல் இறங்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

ஆகவே ‘நெடும்பயணக் கார்’ என்பதே பொருத்தம். நெடும்பயணம் என்றதும் தொலைவும், அதைத் தாங்கும் வசதியும் ஒருசேர மனத்தில் எழுகின்றன. விளக்கக் குறிப்பு தேவையில்லை.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைத் திறக்கும் முன் அந்தப் பொருளை ஒருமுறை பார்க்க வேண்டும். வகைப் பெயரைத்தான் தமிழாக்க வேண்டும். காரின் பின்புறம் பொறித்த பெயரை அப்படியே விட்டுவிடலாம். கான்டினென்டலைக் ‘கண்டத்து’ என்று எழுதியதையும் பார்த்துவிட்டேன். பிரிட்டன்காரர்களுக்கு அந்தச் சொல் கடலுக்கு அப்பாலுள்ள ஐரோப்பிய நிலப்பரப்பு. தமிழில் கண்டம் என்றால் சாதகத்தில் வரும் ஆபத்தும்கூட.